உதவியாளராம், உதவியாளர்!

இங்கே தமிழ்ச் சங்கத்தில் பழக்கமான ஒருவரின் பெண் பி.ஏ. ஃபிலாசஃபி சேரணும் என்கிறாள். வேலை கிடைக்காது என்று அப்பா தடுத்தால் புரிந்துகொள்வேன் (நானும் பி.காம். ஆசாமிதான்). அவர் கேட்டது வேறு: "தத்துவத்துல பொம்பளைங்க யார் சார் சாதிச்சிருக்கா?"

சாதித்தவர்களை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள் சார்.

பினாமினாலஜி என்று ஒரு தத்துவப் பிரிவு. ஒரு விஷயம் நம் அனுபவத்தில் எப்படித் தோன்றுகிறதோ அதை அப்படியே ஆராய்வது. ஜெர்மனியில் எட்மண்ட் ஹுஸ்ஸர்ல் தொடங்கியது. அவருடைய 'உதவியாளர்' என்று ஒரே வரியில் தாண்டிப் போகிறார்களே, அந்த எடித் ஸ்டைன் 1916-ல், பிறர் மனதை நாம் எப்படி உணர்கிறோம் என்று ஆராய்ந்து மிக உயர்ந்த தகுதியோடு டாக்டர் பட்டம் வாங்கியவர். அப்புறம் 1918 வரை ஹுஸ்ஸர்லின் சுருக்கெழுத்துக் குவியலைப் பிரித்து, கோர்த்து, புத்தக உருவத்துக்குக் கொண்டுவந்தார். மனுஷர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெறுத்துப்போய் வேலையை விட்டார்.

அதில் ஒன்று, காலத்தை நாம் உணர்வது பற்றிய சொற்பொழிவுகள், 1928-ல் அச்சானது. பதிப்பாசிரியர்: மார்ட்டின் ஹைடெக்கர். ஸ்டைனுக்கு முன்னுரையில் ஒரு குறிப்பு. சுருக்கெழுத்தைப் பெயர்த்து எழுதினார், அத்தியாயம் பிரித்தார் என்ற அளவில். எங்கள் பேங்கில் லோன் நோட் தயாரிப்பது ஒருவர், சாங்ஷன் செய்வது இன்னொருவர். ஆனால் ஃபைலில் இரண்டு கையெழுத்தும் இருக்கும். இருந்தே ஆகணும்.

"அந்தக் காலம் அப்படி" என்று ஆரம்பிக்காதீர்கள். 1919-ல் ஹுஸ்ஸர்ல் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தைப் பாருங்கள்: பல்கலைக்கழக வேலை பெண்களுக்குத் திறக்கப்பட்டால், முதலில் இவரைத்தான் சிபாரிசு செய்வேன் என்கிறார். அந்த 'பட்டால்'-ஐ யார் திறப்பதாம்? அதே வருஷம் கோட்டிங்கன் கதவைச் சாத்தியது. ஸ்டைன் அமைச்சகத்துக்கு மனுப் போட்டார். 1920 பிப்ரவரியில் பிரஷ்ய அமைச்சரின் உத்தரவு வந்தது: பெண் என்பது பேராசிரியர் தகுதிக்குத் தடையில்லை. ஒரே ஒரு மனு. 

பலன் அவருக்குக் கிடைத்ததா? இல்லை. 1931-ல் ஃப்ரைபுர்க்கில் மறுபடி முயன்றார், நடக்கவில்லை. 1933-ல் யூதர் என்று மூன்ஸ்டர் வேலையும் போனது. 1942-ல் ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். இன்று அவரைப் புனிதர் என்று தெரிந்த பலருக்குத் தத்துவவாதி என்று தெரியாது.

அவருடைய தோழி ஹெட்விக் கான்ராட்-மார்ட்டியுஸ் கதையும் இதேதான். 1912-ல் கோட்டிங்கன் கட்டுரைப் போட்டியில் பரிசு. ஆனால் கிரேக்கம் படிக்கவில்லை என்று அங்கே டாக்டர் பட்டம் கிடையாது. மூனிக் போய் வாங்கினார். பிறகு கணவரோடு பழத்தோட்டம் வைத்துக்கொண்டே எழுதினார். மூனிக்கில் பாடம் நடத்த அழைப்பு வந்தது 1949-ல். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது.