செவ்வாயில் நிகழ்வது பூகம்பமா, நிலநடுக்கமா?

2022ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் செவ்வாய்க் கோள் நடுங்கியது. நாசா நிறுவனம் 2018இல் அங்கு இறக்கிய 'இன்சைட்' கலத்தின் அதிர்வுமானி அதனை 4.7 என்னும் அளவினதாகப் பதிந்தது. இச்செய்தியைக் கட்டுரையாக்கிய நம் மாணவி ஒருவர் 'செவ்வாயில் பூகம்பம்' எனத் தலைப்பிட்டு வந்தார்.

'பூ' என்பது பூமி. செவ்வாய் நடுங்குவதற்குப் பூமியை ஏன் இழுக்க வேண்டும்? ஆங்கிலத்தாருக்கும் இவ்விடர் நேர்ந்தமையால் 'மார்ஸ்குவேக்', 'மூன்குவேக்' எனக் கோளுக்கொரு சொல் படைத்துக்கொண்டனர். நமக்கு அத்தேவையில்லை, 'நிலநடுக்கம்' இருக்கிறது. நிலம் என்பதற்கு உலகம் என்னும் பொருளும் உண்டே எனச் சான்றோர் மறுக்கலாம். உண்மையே. ஆயினும் குறிஞ்சி நிலம், முல்லை நிலம் எனப் பகுத்து வழங்கிய மொழியில் தரை என்பதே அதன் முதற்பொருள் என்பது நம் கருத்து. திருக்குர்ஆனின் 99ஆம் அத்தியாயத்திற்குப் பெயராகிய 'ஸில்ஸால்' என்பதற்கும் அதிர்வு என்றே பொருள். பூமி அச்சொல்லுக்குள் இல்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பூமியின் நடுக்கங்களுட் பெரும்பாலன பாறைத் தட்டுகள் ஒன்றோடொன்று உராய்வதால் எழுவன. செவ்வாய்க்கு அத்தகைய நகரும் தட்டுகள் இல்லை. மேலோடு முழுதும் ஒரே ஓடு. உட்பகுதி குளிர்ந்து சுருங்க, மேலோட்டில் சேரும் இறுக்கம் பாறையைப் பிளக்கிறது. விண்கல் வீழ்ந்தாலும் நிலம் அதிரும். 2021 டிசம்பர் 24இல் வீழ்ந்த கல் ஏறத்தாழ 150 மீட்டர் அகலப் பள்ளம் பறித்தது. மே மாத நடுக்கத்திற்கும் அத்தகைய பள்ளத்தைத் தேடினர்; இந்தியா, அமீரகம் உள்ளிட்ட நாடுகளின் ஆய்வு நிறுவனங்களும் அத்தேடலில் துணைநின்றன. பள்ளம் கிட்டவில்லை. ஆதலின் நடுக்கம் உள்ளிருந்தே எழுந்தது என 2023இல் முடிவு கண்டனர். 'பூகம்பம்' என்று கற்கும் மாணவரோ இங்குள்ள தட்டுகளையும் செவ்வாய்க்குக் கொண்டுபோய்விடுகிறார்!

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைத்தால் அடுக்களைப் பாத்திரம் குலுங்கும். அதனைப் பூகம்பம் என்பார் இலர். 'நிலம் அதிருது' என்றே நம் மக்கள் கூறுவர். விழுப்புரத்தவரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராயிருந்த சந்திரயான்-3இன் 'இல்சா' கருவி, 2023 ஆகஸ்ட் 26இல் நிலவில் இயற்கையானதாகத் தோன்றும் ஓர் அதிர்வைப் பதிந்தது. அதனையும் நில அதிர்வு என எழுதத் தடையேதுமில்லை.

மாணவி தலைப்பைத் திருத்திவிட்டார். 'மேக்னிட்யூட்' என்பதற்கு 'அளவு' என்னும் சொல் போதாது என்று இப்போது வாதிடுகிறார். அவர் கூறுவது சரியே; இயற்பியல் துறையாரோடு அமர்ந்து பேச வேண்டியுள்ளது.