ஊருக்கு வந்த பழி

சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு காலை சற்றே தாமதமாக எழுந்து, தேநீர்க்கடைப் பலகையில் அமர்ந்து செய்தித்தாளைப் புரட்டும் திருப்பூர்க்காரரைப் பாருங்கள். உலகச் செய்தியை ஒரே பார்வையில் தள்ளிவிடுவார். ஊர்ச் செய்தி வந்ததும் நிமிர்ந்து உட்காருவார்! நொய்யலில் என்ன நிறத்தில் தண்ணீர் ஓடுகிறது, நூல் விலை ஏறிற்றா இறங்கிற்றா, எந்தத் தெருவுக்குக் குடிநீர் வரவில்லை — எதைக் கேட்டாலும் அவரிடம் கருத்து உண்டு. கருத்து மட்டுமா? தீர்ப்பே உண்டு!

அந்தத் தேநீர்க்கடைத் தீர்ப்பை எள்ளி நகையாடுபவன் அல்லன் நான். மக்களாட்சியின் முதல் மன்றம் அதுதான். ஆனால், பேசவேண்டிய நாளில் அந்த மன்றம் பேசாது இருந்துவிட்டால் என்ன நேரும் என்பதைத் திருப்பூர் ஒருமுறை பார்த்துவிட்டது.

2023 மார்ச்சுத் திங்கள். "தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள்" என்று கூவியபடி காணொளிகள் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவின. பாட்னாவில் சட்டமன்றமே அமளிப்பட்டது. மார்ச் 2ஆம் நாள், அன்றைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திரபாபு உண்மையை விளக்கினார்: காட்டப்படுபவை திருப்பூரிலும் கோவையிலும் முன்னரே நடந்தவை, ஒன்று, பீகார்த் தொழிலாளர்க்குள்ளேயே இரு குழுவினர் மோதிக்கொண்டது, மற்றொன்று, உள்ளூர்க்காரர்க்குள் மூண்ட சண்டை. வந்தவனை ஊரான் அடித்த காட்சி அவற்றில் இல்லவே இல்லை! பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களைக் கண்டு பேசிற்று. பொய் பரப்பியோர் மீது வழக்குகள் பாய்ந்தன.

ஆயினும் என்ன? மார்ச் 8ஆம் நாள் ஹோலிப் பண்டிகை. பண்டிகைக்கு ஊர் போகப் பெட்டியும் மூட்டையுமாய்ப் புகைவண்டி நிலையத்தில் நின்ற கூட்டத்தையே, உயிர் பிழைக்க ஓடும் கூட்டம் என்று காட்டினார்கள்! பனியன் நெய்து உலகுக்கு உடுத்தும் ஊரின்மீது இரத்தக்கறை பூசினார்கள்!

ஒரு காட்சியை மனக்கண் முன் கொண்டுவாருங்கள். லைன் வீடு. சிறு அறை. பவர் டேபிளில் பத்து மணி நேரம் தைத்த களைப்போடு ஓர் இளைஞன். கைப்பேசியில் தாயின் குரல்.

"மகனே, உடனே புறப்பட்டு வா!"

"இங்கே ஒன்றும் இல்லையம்மா."

"என் கண்ணாலேயே பார்த்தேனே!"

"அது பொய்யம்மா."

"உனக்கு யார் சொன்னது?"

விடை சொல்ல அவனுக்கு ஓர் ஆள் வேண்டும். சுவருக்கு அந்தப்புறம் இருப்பவர் நம் தேநீர்க்கடைத் தீர்ப்பாளர்! இரண்டாண்டு காலம் ஒரே குழாயில் நீர் பிடித்தவர்கள். ஆனால் அவன் பெயர் இவருக்குத் தெரியாது. "அந்த வடக்கன்" — அவ்வளவுதான் தெரியும். கதவைத் தட்டி, "அஞ்சாதே தம்பி, நான் இருக்கிறேன்" என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பறந்துவந்த பொய், அந்த ஒற்றைச் சுவரின் இடுக்கில் அல்லவா கூடு கட்டிற்று!

"ஏனுங்க, அவன் குறைஞ்ச கூலிக்கு வர்றானே, எங்க பொழப்புக் கெடுதேங்க!" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கேள்வி நேர்மையானது, பசியிலிருந்து பிறந்தது. ஆனால், குறைந்த கூலியை நிர்ணயித்தவன் யார்? மூட்டை சுமந்து வந்தவனா? ஒரே இயந்திரம், ஒரே வேலை, ஒரே கூலி என்று இருவரும் சேர்ந்து கேட்டால் கெடப்போவது யார் பிழைப்பு? சேரவிடாமல் தடுப்பது எது? "வடக்கன்" என்ற அந்த ஒரு சொல்! மொழித் திணிப்பை எதிர்ப்பது கொள்கை. மொழி பேசுகிற ஏழையை இகழ்வது கொள்கை ஆகாது. அது கொள்கைக்கே இழுக்கு.

நாமும் வந்தேறிகளாக ஏசப்பட்டவர்கள்தாம் தோழர்களே! 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான தமிழரை நாடற்றவராக்கிற்று. "கள்ளத்தோணி" என்ற வசையையும் அவர்கள் சுமந்தார்கள். 1966இல் பம்பாயில் தோன்றிய சிவசேனை, மண்ணின் மைந்தரின் வேலையைப் பறிப்பவர்கள் என்று தென்னாட்டவர்மீது பழி சுமத்திற்று. அந்த வடுவைத் தடவிப் பார்க்கும் கை, இன்னொருவன் முதுகில் அதே சூட்டைப் போடலாமா?

அவ்வளவு தூரம் போவானேன்? 1932 ஜனவரியில், கொடியேந்தித் தடியடிபட்டு மாண்ட குமரனைத் தன் பெயரோடு சேர்த்துப் பெருமை கொள்கிறது இவ்வூர். அவர் பிறந்தது சென்னிமலையில்! பிழைக்க வந்தவரைத்தான் "திருப்பூர் குமரன்" என்று நாடு கொண்டாடுகிறது. வந்தவரை வாழவைத்து வளர்ந்த ஊர் இது. மதுரையும் தேனியும் திண்டுக்கல்லும் தந்த கைகள் தைத்துத் தைத்து உயர்த்திய ஊர் இது.

ஆகவே, இன்று ஞாயிறு. உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். தேநீர் குடித்து முடித்ததும், பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள். பெயர் கேளுங்கள். சம்பளம் சரியாக வருகிறதா, குழந்தை பள்ளிக்குப் போகிறதா என்று கேளுங்கள். நாளை ஒரு காணொளி வந்தால், அனுப்புமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கே நடந்தது? எப்போது நடந்தது? நேரில் பார்த்தவர் யார்?

அரசு அறிக்கை வெளியிடும்; காவல்துறை வழக்குப் போடும். அவை வேண்டியவையே. ஆனால், பீகாரிலிருக்கும் அந்தத் தாய் "யார் சொன்னது?" என்று மறுபடி கேட்கும்போது, மகன் சொல்ல வேண்டிய விடை ஒன்றுண்டு:

"பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார், அம்மா."

அந்த அண்ணன் நீங்களாக இருங்கள்!