நகல் எடுத்தவர்களுக்கு ஒரு கும்பிடு

2011-ல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகள் திறக்கப்பட்டபோது, உலகத்துப் பத்திரிகைக்காரர்கள் கிழக்கே கோட்டையில் வந்து குவிந்தார்கள். தங்கம் எத்தனை கிலோ, வைரம் எத்தனை கோடி என்பதுதான் பேச்சு. அதே கோயில் பல நூற்றாண்டுகளாகச் சேர்த்துவைத்த இன்னொரு சொத்தைப் பற்றி அதிகம் பேர் விசாரிக்கவில்லை. அது ஓலைக் குவியல். பெயர், மதிலகம் ரெக்கார்டுகள்.

மதிலகம் என்றால் மதிலுக்கு உள்ளே, சுத்தத் தமிழ். உள்ளே இருப்பவற்றிலும் பழைய தமிழ் உண்டு, பழைய மலையாளமும் உண்டு. வரவு செலவு, திருவிழா ஏற்பாடு, அரச கட்டளை, தவறு செய்தவர் கட்டிய அபராதம் என்று கோயில் கணக்கர்கள் எழுதிவைத்த அன்றாடக் குறிப்புகள். 'சுருணை' எனப்படும் கட்டுகள் சுமார் 3,000 மிஞ்சியிருப்பதாகக் கணக்கு. அச்சில் வந்திருப்பது சொற்பம்.

இதெல்லாம் வெளியே வர என்ன வேண்டும்? பணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் புதுச்சேரியில் நடந்ததைப் பார்த்தால் பதில் வேறு.

திருவிதாங்கூரை மார்த்தாண்ட வர்மா (1729-58) ஆண்டுகொண்டிருந்த அதே காலத்தில், புதுச்சேரியில் ஒரு வியாபாரி தினமும் எழுதிக்கொண்டிருந்தார். பெரம்பூரில் 1709-ல் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை. பின்னாளில் கவர்னர் டூப்ளேயின் தலைமைத் துபாஷி. 1736 செப்டம்பர் 6-ல் தொடங்கிய குறிப்பு, 1761 ஜனவரியில் அவர் இறக்கும் காலம்வரை நீண்டது. அவர் கண்மூடிய சில நாட்களில் புதுச்சேரியும் ஆங்கிலேயர் கையில் விழுந்தது. கப்பல் வந்தது, சென்னைப்பட்டணம் பிடிபட்டது, வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது, யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் — பேச்சுத் தமிழில் பிரெஞ்சும் போர்த்துக்கீசியமும் தெலுங்கும் கலந்து எல்லாம் இருக்கிறது.

எழுதியதோடு சரி. கணக்குப் புத்தகங்களோடு அதுவும் குடும்பத்தார் வீட்டில் கிடந்தது. 1846-ல் காலுவா மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சு அதிகாரி அதைக் கண்டு நகல் எடுக்கவைத்தார். எதுவார் அரியேல் என்ற இன்னொரு அதிகாரியும் ஒரு நகல் தயாரித்தார். தமிழ் நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்த மனிதர். 1854-ல் அவர் இறந்த பிறகு அந்தச் சேகரிப்பு பாரிஸ் போய்ச் சேர்ந்தது. இன்றும் அங்கே தேசிய நூலகத்தில் இருக்கிறது. காரைக்காலில் வளர்ந்து பாரிஸில் தமிழ் கற்பித்த ஜூலியன் வேன்சோன் 1894-ல் சில பகுதிகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார்.

ஆங்கிலேயர்களுக்கு ருசி தட்டியது அப்போதுதான். புதுச்சேரியிலிருந்த பிரிட்டிஷ் பிரதிநிதி மக்லியோட் 1892-ல் தகவல் சொல்ல, சென்னை அரசாங்கம் காரியத்தில் இறங்கியது. எதிராளியின் வீட்டுக்குள் நடந்ததை அவர்களுடைய துபாஷியே எழுதிவைத்திருக்கிறார் என்றால் விடுவார்களா! 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகள். முதல் மூன்றுக்குப் பதிப்பாசிரியர் பிரடரிக் பிரைஸ். உடன் உதவியவர் கோட்டைத் தலைமைச் செயலகத்தில் ஆவணங்களைக் கவனித்த கே. ரங்காச்சாரி. மீதி ஒன்பதும் டாட்வெல் பொறுப்பில் வந்தன. மொழிபெயர்ப்பு 'சென்னை அரசாங்க உத்தரவுப்படி' என்கிறது தலைப்புப் பக்கம். உத்தரவு மொழிபெயர்க்குமா? உட்கார்ந்து செய்தவர்கள் பெயர் அங்கே இல்லை.

தமிழில் எழுதியது தமிழில் அச்சேறத் தொடங்கியதோ 1948-ல்தான், புதுச்சேரியில். பிரான்சில் வாழ்ந்த ஒர்சே மா. கோபாலகிருஷ்ணன் பாரிஸ் பிரதிகளில் மூழ்கி, 1992-ல் இரண்டாம் வீரா நாயக்கர் நாட்குறிப்பையும், பிறகு ஆனந்தரங்கப் பிள்ளையின் குறிப்பிலும் ஒரு பகுதியையும் பதிப்பித்தார். 2019-ல் மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் 12 தொகுதிகளாக முழுப் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். நடுவே பிரபஞ்சன் இந்தக் குறிப்பிலிருந்து எடுத்து எழுதிய 'வானம் வசப்படும்' 1995-ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. நாவலை ரசித்த வாசகர்களும் அந்த நகல்காரர்களுக்குக் கடன்பட்டவர்கள்தான்.

நன்றிப் பட்டியலில் கவர்னர்களும் பதிப்பாசிரியர்களும் தவறாமல் வந்துவிடுகிறார்கள். மோம்ப்ரேனுக்காகவும் அரியேலுக்காகவும் பிள்ளையின் கூட்டெழுத்தை எழுத்தெழுத்தாகப் படித்து, மை தொட்டு, நூற்றுக்கணக்கான பக்கங்களைப் பெயர்த்தெழுதியவர்கள்? குமாஸ்தா சம்பளம் கிடைத்திருக்கும். அத்தோடு முடிந்தது. ஆனால் மூலத்தில் இடையிடையே பல மாதக் குறிப்புகள் கிடைக்காமலே போயிருக்கின்றன. நகலும் இல்லையென்றால் ஓட்டை இன்னும் பெரிதாகியிருக்கும்.

திருவனந்தபுரத்தில் இப்போது ஆட்டம் இந்தக் கட்டத்தில்தான் நிற்கிறது. கேரள அரசின் ஆவணக் காப்பகத்தில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஓலைகள் இருக்கின்றன. கோட்டைப் பகுதியிலுள்ள பழைய கட்டடத்தில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் திறந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அழகாக இருக்கிறது. படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் நல்ல காரியமே. ஆனால் படம் தன்னைத்தானே படித்துக்கொள்ளாது. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை மூன்றையும் தடுமாறாமல் வாசிப்பவர்களை விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது. அரண்மனைக் குடும்பத்தைச் சேர்ந்த அசுவதி திருநாள் கௌரி லட்சுமி பாயி, மதிலகம் ஓலைகளைப் பயன்படுத்திக் கோயிலைப் பற்றி 1995-ல் ஆங்கிலத்தில் எழுதினார். அதற்கும் யாரோ உட்கார்ந்து ஓலையைப் பிரித்து வாசித்துச் சொல்லித்தானே ஆக வேண்டியிருந்திருக்கும்?

புதுச்சேரிக் கணக்கு இது: கண்டெடுத்தது 1846, தமிழில் அச்சேறியது 1948. நடுவே 102 வருஷம். அங்கே இருந்தவை காகிதப் புத்தகங்கள். எழுத்தும் தமிழ் படித்தவர் கண்ணுக்குப் பிடிபடக்கூடியது. இங்கே ஓலை.