ரெண்டு புரூக்ஸும் ஒரு துண்டும்

மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். மாடு ஓரமாக நின்று வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். வாங்குகிறவர் கை ஒன்று, தரகர் கை ஒன்று, ரெண்டுக்கும் மேலே ஒரு துண்டு. துண்டுக்குள்ளே விரல்கள் விலை பேசும். சுத்தி நிற்கிறவங்களுக்கு ஒன்றும் புரியாது. கடைசியில் ஒருத்தர் தலையாட்டுவார், அச்சாரமாக ஒரு நோட்டு கை மாறும், கதை முடிஞ்சது. பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. பேச்சு மாறினால் அடுத்த வாரம் சந்தையில் தலை காட்ட முடியாது, அவ்வளவுதான்.

"வாய்ப்பேச்சு வியாபாரம் நம்ம ரத்தத்திலேயே ஊறினது, எழுதினாத்தான் ஒப்பந்தமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. சட்டமும் அவங்க பக்கம்தான். 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. பி.காம் படிக்கிற எல்லோரும் இதை வணிகச் சட்டப் பாடத்தில் உருப்போட்டு எழுதி மார்க் வாங்கியிருப்பார்கள். ஆனால் சந்தையில் அது வேலை செய்வதற்குக் காரணம் ஒன்று இருக்கிறது. மாடு கண்ணெதிரே நிற்கிறது. எந்த மாடு என்பதில் குழப்பமே வராது!

சரி, விஷயத்துக்கு வருவோம். விளையாட்டு அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்கிற 'டிரேடு' பற்றித்தான் இந்தப் பதிவு.

2018 டிசம்பர் 14, வெள்ளிக்கிழமை ராத்திரி. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் மூன்று அணிகள் ஒரு டிரேடு பேசி முடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஃபீனிக்ஸ் அணியின் டிரெவர் அரிசா வாஷிங்டனுக்கு, வாஷிங்டனின் கெல்லி ஊப்ரே மெம்ஃபிஸுக்கு, வாஷிங்டனின் ஆஸ்டின் ரிவர்ஸ் ஃபீனிக்ஸுக்கு. மெம்ஃபிஸிலிருந்து ஃபீனிக்ஸுக்கு வெய்ன் செல்டன், அப்புறம் 'புரூக்ஸ்'.

எந்த புரூக்ஸ்? மெம்ஃபிஸில் அப்போது ரெண்டு புரூக்ஸ். ஒருத்தர் டில்லன் புரூக்ஸ், 22 வயது, வளர்ந்து வரும் பையன். இன்னொருத்தர் மார்ஷான் புரூக்ஸ், முப்பதை நெருங்கியவர், பெரும்பாலும் பெஞ்சில். ஃபீனிக்ஸ் நினைத்தது டில்லனை. மெம்ஃபிஸ் கொடுப்பதாகச் சொன்னது மார்ஷானை. ரெண்டு அணியும் நேரடியாகப் பேசிக்கொள்ளவில்லையாம், நடுவில் வாஷிங்டன் தரகர் வேலை பார்த்ததாகத்தான் செய்திகள் சொல்லின. (சினிமா காமெடி டிராக்கில் வைத்தால்கூட "ரொம்ப ஓவர்" என்பார்கள்.) அன்று ராத்திரியே டிரேடு கவிழ்ந்தது. மறுநாள் ஃபீனிக்ஸும் வாஷிங்டனும் மெம்ஃபிஸை விட்டுவிட்டு, அரிசாவுக்குப் பதில் ஊப்ரே, ரிவர்ஸ் என்று நேரடியாக முடித்துக்கொண்டன.

இதைப் படிக்கும்போது கிளாஸ் கவனித்தவர்களுக்கு ஒரு கேஸ் ஞாபகம் வரணும். ராஃபிள்ஸ் – விச்செல்ஹாஸ், 1864. பம்பாயிலிருந்து 'பியர்லெஸ்' கப்பலில் வரும் 125 பேல் சூரத் பஞ்சுக்கு ஒப்பந்தம். அந்தப் பெயரில் ரெண்டு கப்பல்! ஒன்று அக்டோபரில் பம்பாயை விட்டது, இன்னொன்று டிசம்பரில். வாங்கினவர் மனசில் ஒரு கப்பல், விற்றவர் மனசில் வேறு கப்பல். ரெண்டு பேரும் ஒரே பொருளை ஒரே அர்த்தத்தில் ஒத்துக்கொண்டால்தான் சம்மதம் என்று நம்ம சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. பஞ்சு மூட்டைக்கு நடந்தது 154 வருடம் கழித்து மனுஷனுக்கு நடந்திருக்கிறது.

மூட்டைக்கும் மனுஷனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. 'நம்மளை வித்துட்டாங்களா?' என்று பஞ்சு மூட்டை செல்போனைத் தடவிப் பார்க்காது. அந்த ராத்திரி புரூக்ஸ்கள் ரெண்டு பேரும், செல்டனும், ஊரைக் காலி பண்ணணுமா வேண்டாமா என்று தெரியாத நிலையில் இருந்தார்கள். பேசியவர்களுக்கு அது ஒரு ராத்திரி அசிங்கம். பேசப்பட்டவர்களுக்கு? 'இந்த டீமுக்கு நாம வேண்டாம்' என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது, டிரேடும் நடக்கவில்லை, மறுநாள் அதே டிரெஸ்ஸிங் ரூமுக்குத்தான் போகணும். மார்ஷானும் செல்டனும் அடுத்த மாதமே சிகாகோவுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே போய் மார்ஷான் உடனே விடுவிக்கப்பட்டார்.

என்.பி.ஏ.வில் விதி இல்லாமல் இல்லை. அணிகள் பேசி முடித்தாலும், லீக் அலுவலகத்தோடு சேர்ந்து ஒரு போன் அழைப்பில் எல்லா அணியும் பெயர் பெயராக உறுதி செய்தால்தான் டிரேடு செல்லும். பிரச்சினை அந்த அழைப்புக்கு முந்தைய இடைவெளியில்தான். பேச்சு முடிந்துவிட்டது, காகிதம் வரவில்லை. அந்த இடைவெளியில் செய்தி கசியும், ஒருத்தர் மனசு மாறும், மெடிக்கல் டெஸ்டில் ஏதாவது வரும். 2025 பிப்ரவரியில் லேக்கர்ஸ் அணி மார்க் வில்லியம்ஸை வாங்குவதாக அறிவித்து, மெடிக்கல் டெஸ்ட் சரியில்லை என்று ரத்து செய்தது. அதற்குள் டிரேடுக்கான கெடு தேதியே முடிந்துவிட்டது. வழியனுப்பி வைக்கப்பட்ட டால்டன் நெக்ட் திரும்பி வந்து அதே அணிக்கு ஆடினார். கல்யாணம் நின்றுபோய் மறுநாள் ஆபீஸ் போகிற மாதிரி.

இது தப்பாகப் புரிந்துகொண்ட ரகம். இன்னொரு ரகம் இருக்கிறது, அது வேண்டுமென்றே மறைப்பது. மினசோட்டா அணி 1999-ல் ஜோ ஸ்மித்தைக் குறைந்த சம்பளத்துக்கு ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்தது. 'இப்போ கம்மிக்கு ஆடு, பின்னாடி பெரிய ஒப்பந்தம் தர்றோம்' என்று ரகசிய உறுதிமொழி. லீக்கின் சம்பள உச்சவரம்பை ஏமாற்றும் வேலை. ஏஜென்டுகளுக்குள் சண்டை வந்து வழக்கானபோது குட்டு உடைந்தது. 2000-ல் லீக் போட்ட தண்டனை: 35 லட்சம் டாலர் அபராதம், புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஐந்து முதல் சுற்று வாய்ப்புகள் பறிப்பு (பின்னாடி கொஞ்சம் தளர்த்தினார்கள்), ஸ்மித்தின் ஒப்பந்தம் ரத்து. இங்கே காகிதம்கூட இருந்தது! ஆனால் விதியை மீறிய காகிதம், கோர்ட்டில் காட்ட முடியாத காகிதம். இருந்து என்ன பயன்? அந்த உறுதிமொழியை நம்பிக் கம்மிச் சம்பளத்துக்கு ஆடினவர் ஸ்மித்தானே.

'அதெல்லாம் அமெரிக்கா, நமக்கென்ன' என்று நினைக்க வேண்டாம் மக்களே. நம்ம ஊரில் கூடைப்பந்துக்கு அந்த அளவு லீக் இல்லை, ஆனால் ஐ.பி.எல். இருக்கிறது. 2009 சீசனுக்கு முன்னாடி ஜாகீர் கானும் ராபின் உத்தப்பாவும் மும்பை–பெங்களூர் அணிகளுக்குள் இடம் மாறியதிலிருந்து இங்கேயும் டிரேடுதான்.

2010-ல் ரவீந்திர ஜடேஜாவுக்கு 21 வயது. 2008-ல் கோப்பை வாங்கிய ராஜஸ்தான் அணியின் பையன். ராஜஸ்தானோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு தானாகப் பேரம் பேசினார் என்று அந்த சீசன் முழுக்கத் தடை. விதி விதிதான், மீறினது தப்புதான். மறுக்கவில்லை. ஆனால் பேரம் என்பது ஒரு கையால் நடக்கிற காரியமா? துண்டுக்குள்ளே ரெண்டு கை இருக்கணுமே! அந்த வருடம் ஆடாமல் வீட்டில் உட்கார்ந்தது ஒருத்தர் மட்டும்தான். எந்த அணியும் உட்காரவில்லை.

2023 நவம்பர் 26. அணிகள் யாரையெல்லாம் வைத்துக்கொள்கின்றன என்று பட்டியல் வந்த நாள். குஜராத்தின் பட்டியலில் ஹர்திக் பாண்டியா பெயர் இருந்தது, கேப்டனாக. மறுநாள் அவர் மும்பை வீரர். மும்பை தன்னிடமிருந்த கேமரூன் கிரீனை 17.5 கோடிக்கு பெங்களூருக்குக் கொடுத்துத்தான் பாண்டியாவின் 15 கோடிக்கு இடம் பண்ணியது. இதெல்லாம் தெரிந்த கணக்கு. குஜராத்துக்கு மும்பை தனியாகக் கொடுத்த டிரான்ஸ்ஃபர் தொகை எவ்வளவு என்று அதிகாரபூர்வமாக யாரும் சொல்லவில்லை. துண்டு இன்னும் மூடித்தான் இருக்கிறது. ஏலத்தில் ஒரு லட்சம் கூடினாலும் டி.வி.யில் காட்டுகிற லீக்கில் இப்படி ஒரு மர்மம்! இந்த மாதிரி மூடிய துண்டுகள் கூடக் கூட, பணக்கார அணி என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்றாகிவிடும்.

கொஞ்சம் நம்ம பக்கம் வருவோம். சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரைப் பையன்கள் எத்தனையோ பேர் ஓசூரில் ரூம் எடுத்துத் தங்கி சின்னப் பட்டறைகளில் வேலை பார்க்கிறார்கள். பெரிய கம்பெனிக்கு உதிரி பாகம் செய்கிறவருக்கு, அவருக்கு உதிரி வேலை செய்து கொடுக்கிற பட்டறைகள். "ஓட்ட ஆரம்பிச்சுடுங்க, பி.ஓ. அப்புறம் அனுப்பறேன்" என்று போன் வரும். லேத் ஓடும், ஓவர்டைம் ஓடும். அளவு மாறிவிட்டது, போன வார டிராயிங் இல்லை இது என்று சரக்கு திரும்பி வந்தால்? போனில் பேசின ரெண்டு முதலாளிகளும் அடுத்த மாதம் மறுபடி வியாபாரம் பண்ணுவார்கள், உறவு கெடக்கூடாது பாருங்க. ஓவர்டைம் காசு மட்டும் "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" ஆகிவிடும். பேச்சில் இல்லாத ஆள் தலையில்தான் நஷ்டம் இறங்கும். என்.பி.ஏ.வில் கோடி, இங்கே ஆயிரம். தொகைதான் வேறு.

அணிகள் பேசிக்கொள்ளவே கூடாது என்று சொல்வது முட்டாள்தனம். பேசாமல் எந்த வியாபாரம் நடக்கும்? முழுப் பெயரோடு ஒரு பக்கம் எழுதி அனுப்ப எவ்வளவு நேரமாகும், ஒரு டீ குடிக்கிற நேரம். அதற்கு முன்னாடி ஒரு வார்த்தை அந்த ஆட்டக்காரரிடம் சொல்லலாம். பேரம் விதியை மீறியது என்றால் துண்டுக்குள்ளே இருந்த ரெண்டு கைக்கும் தண்டனை போகட்டும். 2020-ல் மில்வாக்கி அணி போக்டன் போக்டனோவிச்சை, பேச அனுமதிக்கப்பட்ட தேதிக்கு முன்னாடியே பேசி முடித்ததாகச் செய்தி வந்தபோது லீக் விசாரித்து அணியின் டிராஃப்ட் வாய்ப்பைத்தான் பிடுங்கியது. அவர் அட்லாண்டாவுக்குப் போய் நன்றாகவே ஆடினார். 2010-ல் இங்கே நடந்தது இதற்கு நேர் தலைகீழ்.

2025 நவம்பரில் சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் நடந்த டிரேடு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சஞ்சு சாம்சன் 18 கோடிக்கு இங்கே, ஜடேஜாவும் சாம் கரனும் அங்கே. பேச்சு முடிந்துவிட்டதாக நாள்கணக்கில் செய்தி ஓடியது. ஆனால் ராஜஸ்தானில் வெளிநாட்டு வீரர்களுக்கான இடமும் நிரம்பியிருக்கிறது, கையில் பணமும் போதவில்லை, அதனால் கரனை எடுக்க முடியாமல் இழுக்கிறது என்று அதே செய்திகள் சொல்லின. நவம்பர் 15-ஆம் தேதிதான் அறிவிப்பு வந்தது. அதுவரை சேப்பாக்கம் ரசிகர்கள் பாதி அழுது பாதி சண்டை போட்டார்கள். ஜடேஜாவின் தொகை 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது. 2010-ல் கையெழுத்துப் போடாததற்காக ஒரு வருடம் உட்கார்ந்தாரே, அதே ராஜஸ்தானுக்குத்தான் போனார். இந்தத் தடவை எல்லாக் கையெழுத்தும் போட்டு.

அப்புறம் அந்த டில்லன் புரூக்ஸ்? ஹூஸ்டன் வழியாகச் சுற்றி, 2025 ஜூலையில் கெவின் டுரான்ட் டிரேடில் ஒருவழியாக ஃபீனிக்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டார் :-)