கொம்பும் கொர்னுவும்

சிராவயல் மஞ்சுவிரட்டுக் காளையின் கொம்பைக் காட்டி, லத்தீன் ‘கொர்னு’வும் ஆங்கில ‘ஹார்ன்’னும் நம் ‘கொம்பு’ பெற்ற பிள்ளைகள் என்று வாதிடுகிறார் நாச்சியாபுரத்து நண்பர். முதல் எழுத்து ஒத்துப்போனால் மட்டும் உறவாகிவிடாது. லத்தீனில் ககரம் வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ஹகரமும் சமஸ்கிருதத்தில் சகரமும் வரிசை தவறாமல் நிற்கின்றன: நாய்க்கு கனிஸ், ஹவுண்டு, ச்வன், நூறுக்கு கெந்தும், ஹண்ட்ரட், சதம், கொம்புக்கு கொர்னு, ஹார்ன், சிருங்கம். ஜெர்மானிய மொழிகளில் நடந்த இந்த மாற்றத்தை யாக்கோப் கிரிம் 1822-லேயே விதியாக வகுத்துவிட்டார். இத்தகைய ஒப்பீட்டிலிருந்துதான் ‘கெர்’ என்ற மூலவேரை மீட்டெடுத்தார்கள். அதன் உயிர்நாடி ரகரம். நம் சொல்லில் அது எங்கே? இருப்பவை மகரமும் பகரமும்தான். தெலுங்கின் ‘கொம்மு’வும் கன்னடத்தின் ‘கொம்பு’வுமே அதன் உடன்பிறப்புகள்.

இரு சொற்களும் ஊதுகருவியையும் குறிக்கின்றனவே என்கிறார். மாட்டுக்கொம்பை ஊதிப் பார்த்த எந்த மக்களும் கருவிக்கு அதே பெயரைத்தான் வைப்பார்கள்.

தென்மொழிகள் தனிக்குடும்பம் என்று எல்லிஸ் 1816-லும் கால்டுவெல் 1856-லும் நிறுவியது, வேர்ச்சொற்களையும் இலக்கணத்தையும் இப்படிக் கறாராக ஒப்பிட்டுத்தான். அந்த முறையை நாமே உதறிவிட்டால், தமிழ் வடமொழியின் கிளை என்று வருகிறவருக்கு எதைக் கொண்டு பதில் சொல்வது?