உதட்டைப் பார்த்துப் பேச்சறியும் கம்ப்யூட்டர்

இரைச்சல் மிகுந்த டிக்கெட் கவுண்டரில், எதிரே நிற்பவர் எந்த ஊர் கேட்கிறார் என்பதற்குக் காது மட்டும் போதாது, வாயையும் பார்க்கிறோம். 2022 ஜனவரியில் மெட்டா நிறுவனத்தார் அறிவித்த ஏ.வி.-ஹியூபர்ட் முறையும் இப்படித்தான் கற்கிறது. வீடியோவில் ஒலியையும் உதட்டசைவையும் ஆங்காங்கே மறைத்துவிட்டால், விடுபட்டதை அதுவே ஊகித்துப் பழகுகிறது. பேச்சை எழுதித்தருவது பிறகுதான், அதுவும் கொஞ்சம். உதட்டை மட்டும் பார்த்து அறிவதில், 31,000 மணி நேரப் பேச்சை எழுதிக்கொடுத்த முந்தைய முறையில் பிழை நூற்றுக்கு 33.6. இதில் எழுதிக்கொடுத்தது 30 மணி நேரமே, பிழை 32.5.

அப்போதும் ஏறக்குறைய மூன்றில் ஒரு சொல் தவறியது. சோதனையும் ஆங்கிலத்தில்தான். ஆயினும் எழுதிவைத்த பேச்சு குறைவான மொழிகளுக்கு இது வழி திறக்கிறது. தமிழில் 30 மணி நேர வீடியோவை எழுதித்தர நாலு குமாஸ்தாக்கள், இரண்டு மாதம் போதும். சம்பளம் யார் கொடுப்பது?