பெயர் பெறாத திராட்சை மலைகள்

இத்தாலி நாட்டு ஒயின் என்றதும் டஸ்கனியின் கியாந்தியும் பீட்மாண்டின் பரோலோவும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் சிறு விவசாயிகள் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை அந்நாட்டின் பெயர் பெறாத திராட்சைப் பகுதிகளே. நிலமும் முதலீடும் குறைவாக உள்ளவர்கள் எப்படி நிலைத்து நிற்கிறார்கள் என்பதை அங்குதான் காணலாம்.

கல் தூண் பந்தல்

பீட்மாண்டின் வடபகுதியில், ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் உள்ள சிற்றூர் கரேமா. பாறைச் சரிவில் கற்சுவர் எழுப்பி, கீழிருந்து மண் சுமந்து கொட்டிப் படி வயல்கள் அமைத்துள்ளனர். நெபியோலோ ரகக் கொடிகள் தடித்த கல் தூண்கள் தாங்கும் பந்தலில் படர்கின்றன. பகலில் வாங்கிய வெப்பத்தைக் கல் தூண்கள் இரவில் வெளிவிடுவதால், குளிர் மிகுந்த இடத்திலும் பழம் நன்கு முதிர்கிறது.

அருகிலுள்ள இவ்ரேயா நகரில் ஒலிவெட்டி தட்டச்சுப் பொறித் தொழிற்சாலை வளர்ந்தபோது, பலர் அங்கு வேலைக்குச் சென்றுவிட்டனர். கைவிட்ட படிகளில் காடு ஏறியது. எஞ்சியவர்கள் 1960-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். 1967-இல் ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. தனியே ஒயின் ஆலை வைக்க இயலாத துண்டு நிலக்காரர்களுக்குச் சங்கமே ஆலை, சங்கமே சந்தை.

குழிக்குள் கொடி

சிசிலிக்கும் துனிசியாவுக்கும் இடையில் உள்ள எரிமலைத் தீவு பான்டெல்லேரியா. ஓயாத கடற்காற்று, மழையோ குறைவு. இங்குப் பந்தல் நிற்காது. எனவே ஒவ்வொரு கொடியையும் ஆழமற்ற குழியில் நட்டு, குட்டைச் செடியாகக் கவாத்து செய்கின்றனர். குழி காற்றைத் தடுக்கிறது, ஈரத்தையும் காக்கிறது. பாசனம் இன்றியே சிபிபோ ரகம் காய்க்கிறது. பழத்தை வெயிலில் உலர்த்தி இனிப்பு ஒயின் செய்கின்றனர். இந்தச் சாகுபடி முறையை 2014-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கைவிடப்பட்ட ரகம்

பீட்மாண்டின் தென்கிழக்கே தொர்த்தோனா குன்றுகளில் திமோராசோ என்ற பழைய வெள்ளை ரகம் இருந்தது. மணிகள் சீராகப் பிடிக்காது, மகசூல் நிச்சயமில்லை. ஆகவே விவசாயிகள் இதைப் பிடுங்கிவிட்டு வேறு ரகங்களுக்கு மாறினர். 1980-களில் சில கொடிகளே மிஞ்சியிருந்தன. வால்டர் மாசா என்ற உள்ளூர் விவசாயி அவற்றைக் காத்துப் பெருக்கி, தனி ஒயினாகச் செய்து காட்டினார். பின்னர் பரோலோவில் பெயர் பெற்ற பண்ணையாளர்களே இங்கு நிலம் தேடி வந்தனர். எடை போட்டுப் பார்த்தபோது தோற்ற ரகம், சுவை பார்த்தபோது வென்றது.

எது லாபம்?

மகசூல் ஒன்றே அளவுகோல் என்ற எண்ணம் மலைச் சரிவுக்குப் பொருந்தாது. சமவெளிக்காரருடன் எடையில் போட்டியிட்டால் மலை விவசாயி தோற்பது உறுதி. அவருக்கென்று உள்ள ரகமும், மண்ணும், ஊர்ப் பெயருமே அவரது முதல்.

ஆயினும் இதில் சிரமம் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. படி வயலில் இயந்திரம் ஏறாது, எல்லாம் கைவேலை. கூலிக்கு ஏற்ற விலை கிடைக்காவிட்டால் இளைஞர்கள் தங்க மாட்டார்கள். படிகள் அழிந்தால் கேடு ஊருக்கும்தான். லிகூரியக் கடற்கரையின் சிங்குவே தெர்ரே பகுதியில் 2011 அக்டோபரில் பெய்த பெருமழையில், வெர்னாட்சா, மோன்தெரோசோ ஊர்களைச் சேறும் கல்லும் மூடின. பராமரிப்பின்றி விடப்பட்ட படிச்சுவர்களும் சேதம் பெருக ஒரு காரணம்.

நம் கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் பெயர் மட்டுமே விலையைக் கூட்டித் தராது. தரம் பிரித்து, ஒரே பெயரில் ஒன்றாக விற்கும் சங்கமும் வேண்டும். துண்டு நிலக்காரர்கள் கரேமாவில் செய்ததைக் கம்பத்திலும் செய்ய முடியும்.